கேளுங்கள், சொல்கிறேன்: லத்தீன் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள்

(இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் டாலஸ் நகருக்கு அருகே வசிக்கிறார். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் ஒரு தமிழாசிரியருக்கு மகளாகப் பிறந்தவர். தம் மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் நடத்தினார். பிறகு ஒரு கிளாசிக்கல் கிறிஸ்தவப் பள்ளியில் லத்தீன் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றார்.)

அக்கா, எங்கள் சபையில் பாதிக் குடும்பங்கள் கிளாசிக்கல் கிறிஸ்தவக் கல்விக்கு மாறிவிட்டன. என்ன அது என்று கேட்டால் “பழங்காலத்து முறை” என்கிறார்கள். எந்தப் பழங்காலம் என்று கேட்டால் ஆளுக்கொரு நூற்றாண்டைச் சொல்கிறார்கள். சாதாரணக் கிறிஸ்தவப் பள்ளிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
— ஒரு தாய், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

ஆளுக்கொரு நூற்றாண்டைச் சொன்னாலும் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் சரிதான். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற மூன்றுக்கும் டிரிவியம் என்று பெயர். அதற்கு மேல் எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்ற நான்கு, அது குவாட்ரிவியம். இந்த ஏழு கலைகளின் வேர் கிரேக்கத்திலும் ரோமிலும் இருக்கிறது. அவற்றைப் பாடத்திட்டமாக வரிசைப்படுத்தி வைத்தது இடைக்கால ஐரோப்பா.

ஆனால் உங்கள் தோழிகள் கையில் வைத்திருக்கும் வடிவத்துக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி சேயர்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். துப்பறியும் நாவல்கள் எழுதிப் பெயர் பெற்றவர், இத்தாலியக் கவிஞர் தாந்தேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இடைக்காலத்து மூன்று பாடங்களையும் அவர் பிள்ளைகளின் மூன்று பருவங்களோடு பொருத்திவிட்டார். சிறுபிள்ளை கிளியைப்போல் ஒப்பிக்கும். அப்போது இலக்கணமும் மனப்பாடமும். அடுத்த பருவத்தில் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கும், அப்போது தர்க்கம். பதின்பருவத்தில் தன் மனத்தில் இருப்பதைச் சொல்லத் துடிக்கும், அப்போது சொல்வன்மை. இடைக்காலத்தில் யாரும் வயதுவாரியாக இப்படிப் பங்கு பிரித்ததில்லை. இது சேயர்ஸின் சொந்த யோசனை. பிள்ளைகளின் மனத்தைப் பற்றிய தம் கருத்துகள் அறிஞர்கள் ஏற்கும்படியானவை அல்ல என்று அந்த உரையிலேயே அவர் சொல்லிக்கொண்டார். இந்தச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வரவே வராது என்றும் சொன்னார்.

வந்துவிட்டது. 1981இல் ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ என்ற சிற்றூரில் (ரஷ்யாவை நினைக்காதீர்கள்) டக்ளஸ் வில்சன் என்ற போதகரும் சில பெற்றோரும் லோகோஸ் பள்ளியைத் தொடங்கினார்கள். 1991இல் வில்சன் எழுதிய புத்தகம் சேயர்ஸின் உரையை அமெரிக்கக் கிறிஸ்தவ வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் பிறகு இத்தகைய பள்ளிகளுக்கென்று ஒரு சங்கம் உருவாயிற்று. 1997இல் வட கரோலினாவில் லீ போர்ட்டின்ஸ் என்ற தாய் கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். வாரத்தில் ஒரு நாள் குடும்பங்கள் ஒன்றுகூடிப் படிப்பார்கள்; மற்ற நாள்களில் பாடம் வீட்டில்தான். உங்கள் சபையார் சேர்ந்திருப்பது பெரும்பாலும் இதுபோன்ற ஒரு குழுவாக இருக்கும்.

வித்தியாசம் என்னவென்று கேட்டீர்கள். சாதாரணக் கிறிஸ்தவப் பள்ளியில் மற்றப் பள்ளிகளின் பாடங்களே நடக்கும். கூடுதலாகக் காலை ஜெபமும் வேதாகம வகுப்பும் இருக்கும். இங்கே லத்தீன் உண்டு. தர்க்கம் தனிப்பாடம். வரலாற்றை ஆதியிலிருந்து வரிசையாகப் படிப்பார்கள். பாடநூல் சுருக்கத்தை விட்டுவிட்டு மூலநூலையே கையில் எடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் பெற்றோருக்கு முதல் பருவம் பிடிக்கும், ஏனென்றால் பிள்ளை ஒப்பிக்கிறது. மூன்றாவதும் பிடிக்கும், பேச்சுப்போட்டிப் பரிசு வீட்டுக்கு வருகிறது. இடையில் இருக்கும் பருவத்தில்தான் பல வீடுகள் ஆட்டம் காண்கின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, “அப்பா, நீங்கள் மறுத்தது அவருடைய வாதத்தை அல்ல, ஆளைத்தான் திட்டினீர்கள்” என்று சொல்லும். அந்தப் பாடத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?
— வாசகர், சான் ஹோசே

சத்தமாகக் கதை வாசித்துக் காட்டுவதற்குத் தொட்டில் பருவம்கூடச் சரிதான். லத்தீனுக்கு எட்டு வயது வரை பொறுங்கள்.

அக்கா, மகளுக்கு எட்டு வயது. லத்தீன் வேற்றுமை அட்டவணையைப் பாட்டாகவே பாடுகிறாள். தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது. “பேச ஆளில்லாத மொழிக்கு இவ்வளவு காசா?” என்று மாமியார் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
— வாசகி, இர்விங், டெக்சாஸ்

சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் மாமியார் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது.

லத்தீன் எதற்கு என்று கேட்டால், ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதிக்கு வேர் அதில் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் என்றால் ஒரு நல்ல அகராதி போதும். நான் வகுப்பில் கண்ட பலன் வேறு. லத்தீன், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் பார்க்க வைக்கிறது. ஆங்கிலத்தில் யார் யாரைக் கடித்தார் என்பதைச் சொற்களின் வரிசை சொல்லிவிடும். வரிசையை மாற்றினால் கடித்தவர் கடிபட்டவராகிவிடுவார். லத்தீனில் “கானிஸ் ஹோமினெம் மோர்டெட்” என்றாலும் “ஹோமினெம் கானிஸ் மோர்டெட்” என்றாலும் கடிப்பது நாய்தான். இதை ஏற்றுக்கொள்ள என் அமெரிக்க மாணவர்கள் மாதக்கணக்கில் திணறுவார்கள். முதலில் வந்த சொல்தான் செய்தவன் என்று அவர்கள் மனத்தில் படிந்துபோயிருக்கிறது.

நாய் மனிதனைக் கடிக்கிறது. மனிதனை நாய் கடிக்கிறது. உங்கள் மகளிடம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள், கடித்தது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொல்லுவாள். “ஹோமினெம்” என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் “எம்” என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைத்தான் “மனிதனை” என்பதில் இருக்கும் ஐ உருபு செய்கிறது. நம் இலக்கணத்தில் எட்டு வேற்றுமை. லத்தீன் பாடநூல்கள் வழக்கமாக ஐந்து சொல்லித்தரும். விளியைச் சேர்த்தால் ஆறு. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று என் அப்பா எங்களைச் சொல்ல வைத்த அதே வரிசையைக் கரும்பலகையில் லத்தீன் அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதிப் போடுவேன். வகுப்பில் இருந்த ஓரிரு தமிழ்ப் பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த வழியில் எதிர்த்திசையில் நடந்து வந்தவரை நமக்குத் தெரியும். இத்தாலியில் பிறந்த பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், லத்தீன் படித்த மூளையோடு தமிழுக்கு வந்து, ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீனிலேயே எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. திருக்குறளின் முதல் இரண்டு பால்களையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். கிளாசிக்கல் கல்வி பெற்ற ஒருவர் தமிழைக் கண்டதும் என்ன செய்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? நாமோ தமிழை விட்டுவிட்டு லத்தீனுக்குப் பணம் கட்டுகிறோம்.

எனவே என் யோசனை: இரண்டும் நடக்கட்டும், ஆனால் தமிழ் முதலில். காலையில் பத்து நிமிடம். இரட்டைக்கோடு நோட்டு, பென்சில், ஆத்திசூடி. இன்றிலிருந்தே மாமியார் கையில் கொடுங்கள். கேள்வி கேட்டவருக்கு வேலையும் கிடைக்கட்டும். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் லத்தீனை ஒத்திப்போடுங்கள். பதினான்கு வயதில் தொடங்கியும் நன்றாகப் படித்தவர்களுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ழகரம் நாவில் படியும் வயது அதுவரை காத்திருக்காது.

லத்தீன் என்று முடிவு செய்தால் அரைகுறையாக விடாதீர்கள். ஐந்து ஆண்டு அட்டவணை பாடிவிட்டு ஒரு வாக்கியம்கூட வாசிக்காமல் நிறுத்திய வீடுகளே அதிகம். “இன் பிரின்சிப்பியோ எராட் வெர்பும்” என்று யோவான் சுவிசேஷம் தொடங்குகிறது. “ஆதியிலே வார்த்தை இருந்தது” என்ற நம் வேதாகம வரியை அருகில் வைத்துக்கொண்டால் எட்டு வயதிலேயே வாசிக்கலாம். அங்கிருந்து, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டில் நடத்திய போர்களைப் பற்றிச் சீசர் எழுதிய குறிப்புகள் வரை போவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். போய்ச் சேருங்கள். உச்சரிப்பு தேவாலய முறையா, பண்டைய ரோம முறையா என்று குழுக்களில் அடித்துக்கொள்வார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே நடங்கள்.

சகோதரிக்கு ஸ்தோத்திரம். அமெரிக்காவில் இருக்கும் என் பேத்தி, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து இன்றுவரை நடந்த நிகழ்ச்சிகளை ஒரே பாட்டாக மூச்சுவிடாமல் பாடுகிறாள். கேட்கப் பெருமையாக இருந்தது. நடுவில் ஒன்றைச் சுட்டி, “இது என்ன கண்ணு?” என்று கேட்டேன். தெரியவில்லை. கிளிப்பிள்ளை ஆக்குகிறார்களோ?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பாளையங்கோட்டை

அம்மா, உங்கள் சந்தேகம் ஓர் ஆசிரியைக்கு வரவேண்டிய சந்தேகம். ஆனாலும் பேத்தியின் பக்கம் சற்றுப் பேசுகிறேன். எண்சுவடி சொன்னபோது நாமும் பொருள் தெரிந்து சொல்லவில்லை. ஞானோபதேச வினாவிடைகளை ஒன்று விடாமல் ஒப்பித்து வளர்ந்தவள் நான். அதில் பல விடைகளின் கனம் நாற்பது வயதில்தான் தெரிந்தது. முதலில் வாயில் ஏறியிருந்ததால்தானே அது பிறகு மனத்துக்கு வர முடிந்தது? ஏழு, எட்டு வயதில் பாடுவது நல்லது. ரோமைக் கோத்தியர் சூறையாடியது 410இல் என்று பாட்டில் படிந்துவிட்டால், பின்னால் திருச்சபைத் தந்தை அகஸ்தீனை வாசிக்கும்போது அவர் ஏன் “கடவுளின் நகரம்” என்ற நூலை எழுத உட்கார்ந்தார் என்பது தானாகப் பிடிபடும்.

கெடுவது எங்கே என்றால், பாட்டோடு நின்றுவிடும்போது. வெறும் பெயர்களின் வரிசை, துணி காயப்போடாத கொடி மாதிரி. கட்டிவைத்ததற்குப் பயன் இல்லை. பத்து வயதுக்குப் பிறகும் பாட்டுத்தான் வரலாறு என்றிருந்தால் மகனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதுவரை நீங்களே ஒன்று செய்யலாம். வாரம் ஒரு முறை வீடியோவில் பேசும்போது அந்தப் பாட்டிலிருந்து ஒரு நிகழ்ச்சியைப் பேத்தியே தேர்ந்தெடுக்கட்டும். அடுத்த வாரம் அதன் கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். தலைமையாசிரியைப் பாட்டிக்குக் கதை சொல்ல வேண்டும் என்றால் அவள் அம்மா நூலகத்துக்கு அழைத்துப் போயே தீர வேண்டும்.

எந்த நிறுவனத்தின் பாடத்திட்டப் பெட்டி சிறந்தது?
— வாசகர், ஆஸ்டின்

நீங்கள் பிரித்துப் படிக்கப்போகும் பெட்டி.

கிறிஸ்தவக் கல்வி என்கிறீர்கள். பிள்ளைகளோ ஸீயஸ், அதீனா, அப்பல்லோ என்று கிரேக்கத் தெய்வங்களைப் பேசிக்கொண்டு திரிகிறார்கள். விக்கிரக ஆராதனைக் கதைகளைக் காசு கொடுத்து ஏன் படிக்க வேண்டும்?
— சபை மூப்பர், ஹூஸ்டன்

ஐயா, உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. “ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்டு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. அகஸ்தீன் அதற்கு யாத்திராகமத்திலிருந்து பதில் எடுத்தார்: இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டபோது எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுபோனார்கள் அல்லவா, அப்படிப் புறமதத்தாரின் அறிவையும் நல்ல வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். தானியேலுக்கும் தோழருக்கும் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தும் பாஷையும் கற்பிக்கப்பட்டன. அவர்கள் மறுத்தது ராஜாவின் போஜனத்தை, பாடத்தை அல்ல.

பவுல் ஏதென்ஸ் நகரின் அரியோபாகு மேடையில் நின்று “உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்” என்றார். அந்த வரி ஆராட்டஸ் என்ற கிரேக்கப் புலவருடையது. ஸீயஸைத் துதித்துத் தொடங்கும் கவிதை அது. பவுல் படித்திருக்கிறார், மனப்பாடமாகவும் வைத்திருக்கிறார்.

ஒரு நிகழ்ச்சியைச் சபைக்கூட்டத்தில் நீங்களே சொல்லலாம். 362இல் ஜூலியன் என்ற ரோமப் பேரரசர், கிறிஸ்தவ ஆசிரியர்கள் கிரேக்கக் காவியப் புலவர் ஹோமரையும் பிற பழைய நூல்களையும் கற்பிக்கக் கூடாது என்று தடுத்தார். உங்களுக்குத்தான் அந்தத் தெய்வங்களில் நம்பிக்கை இல்லையே, அப்புறம் எதற்கு அவர்கள் கதை, போய் உங்கள் சுவிசேஷத்தையே படியுங்கள் என்பது அவருடைய வாதம். கிறிஸ்தவர்கள் நிம்மதி அடைந்தார்களா? நாசியான்சு கிரிகோரி என்ற இறையியலாளர் கொதித்தெழுந்து எழுதினார். தங்கள் கையிலிருந்து ஜூலியன் எதைப் பிடுங்குகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பேரப்பிள்ளைகள் ஹோமரின் ஒடிசியை வாசித்தால் முகம் சுளித்தாலும் கடைசியில் விட்டுவிடுகிறோம். அமெரிக்கப் போதகர் ஒருவர் முன்னுரை எழுதியிருக்கிறார் அல்லவா? கம்பராமாயணத்தை எத்தனை கிறிஸ்தவ வீடுகள் உள்ளே விடும்? திருநெல்வேலியின் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, பிறகு கிறிஸ்தவரானவர். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அதில் கம்பனின் சந்தம் பக்கத்துக்குப் பக்கம் ஒலிக்கும். “கிறிஸ்தவக் கம்பர்” என்று அவரைக் கொண்டாடிவிட்டுக் கம்பனை வீட்டுக்கு வெளியே நிறுத்துவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஹோமரைப் படிக்கும் பேரப்பிள்ளைக்குக் கம்பனில் ஒரு படலமாவது வாசித்துக் காட்டுங்கள் ஐயா. குகப் படலத்திலிருந்து தொடங்கலாம்.

எச்-1பி விசாவில் இருக்கிறோம். வீட்டில் வைத்துப் படிப்பித்தால் சட்டச் சிக்கல் வருமா? இரண்டு, மூன்று ஆண்டுகளில் சென்னைக்குத் திரும்பும் எண்ணமும் உண்டு. மகன் ஆறாம் வகுப்பு.
— ஒரு தந்தை, எடிசன், நியூ ஜெர்சி

முதல் பாதி எளிது. அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும். அது மாநிலச் சட்டத்தின் விஷயம்; விசாவோடு தொடர்பில்லை. மாநிலத்துக்கு மாநிலம் கெடுபிடிதான் வேறுபடும். உங்கள் நியூ ஜெர்சியில் முன்கூட்டித் தகவல் தெரிவிக்கும் கட்டாயம்கூட இல்லை. டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குப் போனால் உறுதிமொழிப் பத்திரம், ஆண்டுக்கு 180 நாள் பாடம், பிள்ளையின் வேலைகளைத் தொகுத்த கோப்பு, அதைப் பார்த்துச் சான்று தர ஒரு மதிப்பீட்டாளர், குறிப்பிட்ட வகுப்புகளில் தரப்படுத்தப்பட்ட தேர்வு எல்லாம் உண்டு. நியூ யார்க்கில் காலாண்டு அறிக்கை. இங்கே டெக்சாஸில் நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்ந்தது: லீப்பர் வழக்கில் 1994இல் மாநில உச்ச நீதிமன்றம், வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளியே என்று உறுதி செய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப் பண்பு ஆகியவற்றைக் கற்பித்தால் போதும். எங்கே இருந்தாலும், இப்போது அரசுப் பள்ளியில் பிள்ளை இருந்தால் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். சொல்லாமல் நின்றால் வருகைப் பதிவு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். மாற்றங்கள் வரும் என்பதால் மாநிலக் கல்வித்துறையின் அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் பாதிதான் கவலை தருகிறது. உங்கள் கணக்குப்படி மகன் எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பில் சென்னையில் இறங்குவான். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே தொடங்கிவிடும். நடுவில் பத்தாம் வகுப்பில் போய்ச் சேருவது எளிதில் நடக்காது. ஆகவே ஒன்பதாம் வகுப்புத் தொடங்கும் முன் திரும்புங்கள். முடியாது என்றால் அமெரிக்காவிலேயே பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுப் போங்கள். இன்னொரு வழி என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பதினான்கு வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம். இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில்தான் பார்க்க விரும்புகிறது. வீட்டுக்கல்விக்கு அங்கே தெளிவான இடம் வகுக்கப்படவில்லை. அப்பா கையெழுத்துப் போட்ட பட்டயத்தைக் காட்டிச் சென்னையில் மருத்துவமோ பொறியியலோ கேட்டால் சமன்மைச் சான்று எங்கே என்பார்கள். பாடவாரியாக மதிப்பெண், படித்த நூல்களின் பட்டியல், எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி என்றால் இவ்வளவு தலைவலி இல்லை. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதலாம். 2015இல் வந்த கிளாசிக் லேர்னிங் டெஸ்ட் என்ற தேர்வும் இருக்கிறது. பழைய நூல்களிலிருந்து பத்திகள் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். ஃப்ளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023 முதல் அதையும் ஏற்கின்றன. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், இரண்டையும் எழுதட்டும்.

வாரக் குழுவில் என் மகன் ஒருவன்தான் மாநிறம். அங்கே கொடுத்த வரலாற்றுப் புத்தகத்தில் அடிமைமுறை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. சொன்னால் பிரச்சினைக்காரி ஆகிவிடுவேனோ?
— வாசகி, அட்லாண்டா அருகே

சொல்லுங்கள், தங்கை. இந்த இயக்கத்துக்குள் இருப்பவர்களே பேசிக்கொண்டிருக்கும் விஷயம்தான் இது. மேலே சொன்ன டக்ளஸ் வில்சன் இன்னொருவரோடு சேர்ந்து 1996இல் தென்மாநில அடிமைமுறையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்தக் கொடுமையை மென்மையாக்கிக் காட்டியதற்காக வரலாற்று அறிஞர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர் ஊரில் தொடங்கிய பள்ளி வழியாகப் பரவிய முறை என்பதால் முறையையே தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் புத்தகப் பட்டியலை யார் போட்டது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஏனென்றால் கிளாசிக்கல் கல்வி வெள்ளையர் வீட்டுச் சொத்து மட்டுமல்ல. பின்னாளில் அடிமைமுறை ஒழிப்புப் போராளியாகப் புகழ்பெற்ற ஃபிரெடெரிக் டக்ளஸ், பால்டிமோரில் அடிமைச் சிறுவனாக இருந்தபோது, கிடைத்த காசில் ஐம்பது சென்ட் கொடுத்து ஒரு பழைய சொற்பொழிவுத் தொகுப்பை வாங்கினார். அதில் எஜமானனுக்கும் அடிமைக்கும் நடக்கும் ஓர் உரையாடல். அடிமை வாதாடி ஜெயித்து விடுதலை பெறுகிறான். டக்ளஸ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். சொல்வன்மைப் பாடம் என்றால் அது. ஆன்னா ஜூலியா கூப்பர் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான எம் தெருப் பள்ளியில் லத்தீன் நடத்தினார், அதன் தலைமையாசிரியையாகவும் இருந்தார், அறுபது வயதைத் தாண்டியபின் 1925இல் பாரிஸின் சோர்போனில் முனைவர் பட்டம் வாங்கினார். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அவர்களுக்கு ரோமப் பெருங்கவிஞர் வெர்ஜிலைச் சொல்லிக்கொடுத்தார்.

குழுவின் பொறுப்பாளரிடம் புகாராகப் போகாமல் புத்தகத்தோடு போங்கள். ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாறு சிறியது, தர்க்கப் பருவப் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது. கடைசியில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது: கிறிஸ்துவின் கிறிஸ்தவம் வேறு, இந்த நாட்டின் கிறிஸ்தவம் வேறு என்று பிரித்து எழுதியிருப்பார். கிறிஸ்தவக் குழுவில் அதை வாசிக்க மாட்டோம் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. சொன்னால், குழுவை மாற்றுங்கள்.

வீட்டிலேயே இருந்தால் பிள்ளை நாலு பேரோடு பழகாமல் போய்விடாதா?
— வாசகர், டொராண்டோ

இந்தக் கேள்வியை முதலாம் நூற்றாண்டிலேயே ஒருவர் அலசியிருக்கிறார். ரோமில் சொல்வன்மை கற்பித்த குவிண்டிலியன், தம் பெருநூலின் முதல் புத்தகத்திலேயே பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிப்பதா, பள்ளிக்கு அனுப்புவதா என்று கேட்டு, பள்ளிக்கே அனுப்புங்கள் என்று தீர்ப்பளித்தார். மக்கள் முன் பேச வேண்டியவன் மக்களோடு வளரட்டும், சகமாணவன் பாராட்டப்படுவதையும் திருத்தப்படுவதையும் பார்த்துக் கற்கட்டும் என்றார். கிளாசிக்கல் ஹோம்ஸ்கூல் கூட்டங்களில் அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை நாசூக்காகத் தாண்டிவிடுவார்கள். இதற்கு நேர் எதிரான சான்று டாரதி சேயர்ஸே: அப்பாவிடம் லத்தீன் தொடங்கி, பதினைந்து வயது வரை வீட்டிலேயே படித்தவர். ஒரே பிள்ளையாக, பேச ஆள் இல்லாமல் இருப்பவன் என்றால் குவிண்டிலியன் பேச்சைக் கேளுங்கள். வீடு முழுக்கச் சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் என்றால் கவலையை விடுங்கள்.

என் மனைவி மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டில் பாடம் நடத்துகிறார். ஆரம்பத்தில் அவருக்கும் உற்சாகம்தான். இப்போது எப்போதும் களைப்பு, எரிச்சல். வேறு பாடத்திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா, அக்கா?
— வாசகர், ராலி, வட கரோலினா

தம்பி, கேள்வி முழுவதையும் இரண்டு முறை படித்தேன். நீங்கள் என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்பது எங்குமே இல்லை.

லத்தீன் அவர், கணிதம் அவர், வரலாறு அவர், வாரக் குழுவில் மற்றப் பிள்ளைகளுக்கும் அவர், இடையில் சாம்பாரும் அவர் என்றால் எந்தப் பாடத்திட்டம் வந்தும் பயனில்லை. டிரிவியம் கற்பித்த மடாலயங்களில்கூடச் சமையலுக்குத் துறவிகள் முறை வைத்துக்கொண்டார்கள். புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்குமுறையில் அது விதியாகவே இருக்கிறது. பாடத்திட்டத்தை மாற்றாதீர்கள், ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் என்று நினைக்கிறேன், ஆகவே வடிவியல் உங்களுடையது. கிரேக்கக் கணித மேதை யூக்ளிடின் வடிவியல் நூலின் முதல் புத்தகத்தில் தேற்றமும் வரைமுறையுமாக 48 இருக்கின்றன. கவராயமும் அளவுகோலும் போதும், பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு சமபக்க முக்கோணத்திலிருந்து தொடங்குங்கள். 47ஆவதாகப் பிதாகரஸ் வருவார், அதற்குள் பள்ளியில் நீங்கள் சூத்திரமாக மனப்பாடம் செய்தது ஏன் உண்மை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. அந்த நேரத்தில் கார் சாவியை மனைவியிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள். எங்கே போனார் என்று கேட்காதீர்கள்.